நனைந்து கெட்ட பழைய ஃபைபர் போட்டைக் குறைந்த செலவில் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலைச் சுற்றி, கிரியான் ஆற்றங்கரையிலும் தோட்டத்து வீடுகளின் பின்புறத்திலும் செம்பனை மரத்தடியிலும் 14 அடி, 16 அடி ஃபைபர் போட்டுகள் கவனிப்பாரில்லாமல் கிடக்கின்றன. உடாங் காலா (பெரிய ஆற்று இறால்) பிடிக்க ஆசையாக வாங்கியவர் வயதாகி ஓய்ந்திருப்பார், பிள்ளைகள் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போயிருப்பார்கள். போட்டில் மழைத் தண்ணீர் நின்று கொசு பெருகும். (சுகாதார இலாகாக்காரர் ஏடிஸ் புழுவைப் பார்த்தால் அபராதம் வீட்டுக்காரருக்குத்தான்.) அப்படிப்பட்ட ஒன்றை வாங்கலாமா, வாங்கினால் எங்கே காசு போடுவது என்று கேட்பவர்களுக்காக இது. இங்கே சொல்வதெல்லாம் ஃபைபர் உடலும் உள்ளே பிளைவுட்டும் பின்னால் அவுட்போர்ட் என்ஜினும் உள்ள சிறு படகுகளுக்கு மட்டும்.

“சும்மா எடுத்துட்டுப் போங்க” என்கிறார் பக்கத்து லயத்துக்காரர். எடுக்கலாமா?

உடலுக்குக் காசு வாங்காமல் கொடுப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. பழைய போட்டில் காசு தின்பவை இரண்டு: உள்ளே இருக்கும் மரம், பின்னால் தொங்கும் என்ஜின். மரம் நன்றாக இருந்து என்ஜின் போயிருந்தால் வாங்கலாம். என்ஜின் நன்றாக இருந்து மரம் போயிருந்தாலும் வாங்கலாம், ஆனால் உங்கள் உழைப்பு நிறையப் போகும். இரண்டும் போயிருந்தால் சும்மா கொடுத்தாலும் அது நஷ்டம்தான். லோரி வாடகை கொடுத்து ஒரு குப்பையை உங்கள் வாசலுக்கு மாற்றியதாக முடியும்.

ஃபைபர் அழுகாது என்றுதானே சொல்கிறார்கள்?

ஃபைபர் அழுகாது. அதற்குள் மூடி வைத்த பிளைவுட் அழுகும். என்ஜினைத் தாங்கும் பின்பலகை, அடியில் நெடுக்காக ஓடும் சட்டங்கள், கால் வைக்கும் தளம் என எல்லாவற்றிலும் உள்ளே மரம்தான். இந்த மரத்துக்குள் தண்ணீர் பெரும்பாலும் போட்டின் அடியில் இருந்து வருவதில்லை. யாரோ ஒருவர் மீன் காட்டும் கருவி மாட்டவோ கம்பி பிடிக்கவோ நாலு ஸ்க்ரூ முடுக்கியிருப்பார். அந்த ஓட்டைக்குள் ரெசின் (ஃபைபரை இறுகவைக்கும் திரவப் பிசின்) பூசாமல், சீலன்ட் வைக்காமல் விட்டிருப்பார். அங்கே இருந்துதான் ஆரம்பம். அப்புறம் வருடக்கணக்கில் மழைத் தண்ணீர் உள்ளே நின்றால் கேட்கவே வேண்டாம். வெளியே பார்த்தால் பளபளப்பாகவே இருக்கும்.

வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

பெயிண்டைப் பார்க்காதீர்கள். பின்பலகைக்குப் போங்கள். என்ஜின் மாட்டியிருந்தால் அதைக் கொஞ்சம் மேலே சாய்த்துவிட்டு, அடிக்காலின் மேல் கையை ஊன்றி அழுத்தி ஆட்டுங்கள். பலகை என்ஜினோடு சேர்ந்து அசைந்தாலோ, ஓரத்தில் மயிரிழை விரிசல் திறந்து மூடினாலோ உள்ளே மரம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று தெளிவாக ஒலிக்கும், கெட்ட இடத்தில் ‘தொப்’ என்று அமுங்கும். அமுங்கும் இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் விலையைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது.

சொந்தக்காரர் சம்மதித்தால் இன்னொரு சோதனை இருக்கிறது. பின்பலகையின் உட்பக்கத்தில், தண்ணீர் வெளியேறும் துளைக்குப் பக்கத்தில், 6 மில்லிமீட்டர் பிட்டால் ஒரு சிறு ஓட்டை போடுங்கள். வெளித்தோல் வரை துளைக்க வேண்டாம், மரத்தைத் தொட்டால் போதும். வெளிறிய காய்ந்த தூள் உதிர்ந்தால் நிம்மதி. காப்பி நிறத்தில் ஈரமாகப் பிட்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வந்தால், மூக்கருகே கொண்டு போங்கள். புளித்த வாடை அடிக்கும். சில போட்டுகளில் பிட்டை வெளியே இழுத்ததும் ஓட்டையில் இருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டத் தொடங்கும், நீங்கள் விலை பேசி முடிக்கும்வரை சொட்டிக்கொண்டே இருக்கும். அதைவிட நல்ல பேரம் பேசும் ஆள் கிடைக்கமாட்டார். பார்த்து முடித்ததும் ஓட்டையை எபொக்சியால் (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசின்) அடைத்துக் கொடுத்துவிடுங்கள், வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

கடைசியாக, தளத்தின் மேல் குதிகாலை ஊன்றி நடங்கள். அமுங்கும் இடம் தானாகவே தெரியும்.

எந்த நிலையில் இருந்தால் கைகழுவி விடுவது?

ஃபைபர் உடலே முறுக்கிக்கொண்டிருந்தால். சமமான தரையில் நிறுத்திப் பின்னால் இருந்து பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இல்லை என்றால் தொடவேண்டாம். அடிப்பகுதி அலை அலையாக உள்வாங்கியிருந்தாலும் அப்படியே. என்ஜினின் சீரியல் நம்பர் தகடு சுரண்டப்பட்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். மீனவர்களிடம் இருந்து என்ஜின் களவு போவது நம் கடற்கரை ஓரங்களில் புதிதல்ல.

பதிவு, லைசன்ஸ் எல்லாம்?

காசு கொடுப்பதற்கு முன்னால் பேச வேண்டிய விஷயம் இது. உல்லாசப் படகுகளின் பதிவைப் பார்ப்பது கடல்துறை இலாகா, அதாவது ஜபாத்தான் லாவுட். மீன்பிடிப் படகாக லைசன்ஸ் எடுத்திருந்தால் அது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் ஜபாத்தான் பெரிக்கானான் கையில். போட்டின் பக்கவாட்டில் பழைய நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பழைய சொந்தக்காரரையும் அழைத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கே போய்ப் பெயர் மாற்றக் கேட்பதுதான் நல்லது. அவர் காலமாகிவிட்டிருந்தால் வாரிசுகளின் கையெழுத்து இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். போட்டை அழகாகச் செய்து முடித்த பிறகுதான் தூரத்து மருமகன் வந்து “அது எங்க மாமாவோடது” என்பார்.

வாங்கிவிட்டேன். முதல் வேலை என்ன?

கூரை. சிங்க் கூரை போட்ட திறந்த கொட்டகை கிடைத்தால் அருமை, இல்லாவிட்டால் கன்வாஸை உயரமாகக் கட்டிக் காற்று நுழைய வழிவிடுங்கள். போட்டோடு ஒட்டி மூடினால் உள்ளே வெந்து இன்னும் வேகமாக அழுகும். முன்பக்கத்தைத் தூக்கிவைத்து, அடித்துளையைத் திறந்து, மக்கிய இலை எல்லாவற்றையும் அள்ளுங்கள். தளத்துக்கு அடியில் தண்ணீர் சிறைப்பட்டிருக்கும், ஆகவே கெட்ட தளப் பலகையை இப்போதே வெட்டி எடுத்துவிடலாம். வெட்டுவதற்கு முன் அளவுகளை எழுதிவைத்து நாலு பக்கமும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய துண்டுகளைத் தூக்கி எறியவேண்டாம், புதுப் பலகைக்கு அவைதான் அச்சு.

காயவைக்க, ஃபைபர் வேலை செய்ய எந்த மாதம் நல்லது?

நம் பக்கம் செப்டம்பர், அக்டோபரில் மழை வாட்டும். தைப்பூசம் முடிந்த கையோடு ஆரம்பிப்பவர்களுக்குத்தான் காய்ந்த வாரங்கள் கிடைக்கின்றன. அன்றன்றைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: காலையில் பனி ஈரம் போன பிறகு, பத்து மணி வாக்கில் தொடங்குங்கள். மாலை மழை இறங்கும் முன் பூசியது இறுகியிருக்க வேண்டும்.

பின்பலகையை நானே மாற்ற முடியுமா?

முடியும். கிரைண்டர் பிடிக்கத் தெரிந்தவர், அவசரப்படாதவர் என்றால் போதும். ஆனால் இதுதான் முழு வேலையின் உயிர்நாடி, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மரத்தைத் தோண்டி எடுக்கும்போது உடல் விரிந்து அகலும். அதனால் முதலில் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் குறுக்கே ஒரு கட்டையை ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுங்கள், அடியிலும் மூன்று நான்கு இடங்களில் தாங்கல் கொடுங்கள். என்ஜின் உட்காரும் வெட்டின் உயரத்தை அளந்து எழுதுங்கள். குட்டைக் கால் என்ஜினுக்கு ஏறக்குறைய 38 சென்டிமீட்டர், நீளக் கால் என்ஜினுக்கு 51 என்பது வழக்கமான அளவு. இதைக் கவனிக்காமல் பலகையைக் கட்டினால் கையில் இருக்கும் என்ஜின் பொருந்தாது.

உள்தோலை மட்டும் வெட்டுங்கள், ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு விட்டுவிட்டு. வெளித்தோலைத் தொடாதீர்கள், போட்டின் வடிவம் அதில்தான் இருக்கிறது. அழுகிய மரம் கையோடு வந்துவிடும். சிக்கல் கொடுப்பது நடுவில் மிச்சமிருக்கும் நல்ல மரம்தான், அதற்கு உளியும் சுத்தியலும் வேண்டும். எல்லாம் வந்தபிறகு வெளித்தோலின் உட்புறத்தைக் கிரைண்டரால் தேய்த்து, பழைய பளபளப்பு முழுக்கப் போய் வெள்ளை நார் தெரியவேண்டும். பிறகு அசிட்டோனால் துடையுங்கள்.

பலகைக்கு 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் மூன்று அடுக்கு, அல்லது 18-இல் இரண்டு. மொத்தம் 36 மில்லிமீட்டர் வரும், 16 அடி வரையிலான போட்டுக்குப் பொதுவாக இது சரியாக இருக்கும். பழைய பலகையின் கனத்தையும் அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்துக்கும் ரெசின் குடிக்கும்வரை கொடுங்கள், பிளைவுட் தண்ணீரை உறிஞ்சுவது ஓரத்தின் வழியாகத்தான். ரெசினில் தூள் கலந்து கெட்டியாக்கிய பசையைத் தாராளமாகத் தடவி ஒட்டி இறுக்குங்கள். ஓரங்களில் பசை பிதுங்கி வந்தால் உள்ளே காற்றுப்பை இல்லை என்று அர்த்தம். மூலைகளில் அதே பசையால் வளைவு கொடுங்கள், ஃபைபர் மேட் (வெட்டிய இழைகளைச் சேர்த்துச் செய்த விரிப்பு) கூர்மையான மூலையில் படியாது, தூக்கிக்கொள்ளும். அதன்மேல் மேட், நெய்த துணி என்று மாற்றி மாற்றி அடுக்கி, பக்கச் சுவரிலும் அடியிலும் ஒரு சாண் அளவுக்கு ஏற்றி ஒட்டவேண்டும்.

இனி எல்லோரும் விட்டுவிடும் இடம். என்ஜின் போல்ட்டுக்கான ஓட்டையை வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, அதைக் கெட்டி எபொக்சியால் முழுக்க நிரப்பி, இறுகியபின் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளைக்க வேண்டும். அப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. அடித்துளைக்கும் இதே முறைதான். முதல் பலகை அழுகியது இந்த ஓட்டைகளால்தான் என்பதை நினைத்துக்கொண்டால் சலிப்பு வராது.

சாதாரண பிளைவுட் போட்டு மேலே ஃபைபர் அடித்தால் போதாதா?

தளத்துக்கு, எல்லாப் பக்கமும் எல்லா ஓரமும் ரெசின் கொடுத்து மூடினால், தண்ணீர் தாங்கும் பசையில் ஒட்டிய வெளிப்புறப் பிளைவுட்டை வைத்துச் சமாளிக்கலாம். பின்பலகைக்கு வேண்டாம். மரைன் பிளைவுட் என்று விற்கப்படுவதில் எல்லாமும் மரைன் அல்ல. பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு துண்டு வாங்கிக் கொதிக்கும் தண்ணீரில் சில மணி நேரம் போடுங்கள். அடுக்குகள் பிரிந்தால் கடைக்காரர் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். ஓரத்தில் அடுக்குகளுக்கு இடையே பொந்து தெரிந்தால் கொதிக்கவைக்கவே தேவையில்லை.

பாலியெஸ்டர் ரெசினா, எபொக்சியா?

காசு இருந்தால் பின்பலகை முழுக்க எபொக்சி. பழைய ஃபைபரிலும் மரத்திலும் அது பிடிப்பதுபோல் பாலியெஸ்டர் பிடிக்காது. ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல் போகும். கை கடிக்கிறது என்றால் என் பரிந்துரை: மரத்தை ஒட்டுவதற்கும் ஓட்டை நிரப்புவதற்கும் எபொக்சி, தளத்துக்கு மேல் மூடும் ஃபைபருக்குப் பாலியெஸ்டர். ஒரே இடத்தில் கலந்து செய்பவர்கள் வரிசையை மறக்கக்கூடாது. பாலியெஸ்டர் மேல் எபொக்சி ஒட்டும், எபொக்சி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. அப்புறம், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண மேட்டில் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பிசின் பாலியெஸ்டரில்தான் கரையும். எபொக்சிக்கு நெய்த துணி வாங்குங்கள்.

ஹார்டனர் எவ்வளவு விடுவது?

ஹார்டனர் என்பது ரெசினை இறுகவைக்கும் திரவம். பாலியெஸ்டருக்கு நம் வெயிலில் 1 சதவீதம். ஒரு கிலோ ரெசினுக்கு 10 கிராம், அதாவது ஏறக்குறைய 9 மில்லிலிட்டர். அதற்குக் கீழே போனால் கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும். 2-க்கு மேல் போனால் டப்பாவிலேயே புகையும். அரை கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். மிச்சமான கலவையைக் கொட்டகைக்குள் வைக்காமல் வெளியே மணலில் வையுங்கள்.

கோபால்ட் (ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கலக்காத ரெசின் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் ஒன்றாக ஊற்றக்கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, பிறகுதான் ஹார்டனர். கடையிலேயே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். முகமூடியும் ரசாயன ஆவிக்கான வடிகட்டி உள்ளதாக இருக்கவேண்டும். துணி முகமூடி ரெசின் வாடையை நிறுத்தாது.

எவ்வளவு ரெசின் வாங்குவது?

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ரெசின் குடிக்கும், இறுகினால் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். பரப்பளவை அளந்து அடுக்கால் பெருக்கி, வீணாவதற்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரம்மாக வாங்கினால் மலிவு என்பார்கள். ரெசின் நம் ஊர்ச் சூட்டில் தானாகவே கெட்டியாகும், தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

தளத்துக்கு அடியில் இருக்கும் நுரை ஈரமாக இருக்கிறது. காயுமா?

காயாது. எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, நூறு லிட்டர் உறிஞ்சிய நுரை என்றால் இன்னும் ஒரு பெரிய ஆளை எப்போதும் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். ‘என்ஜின் இழுக்க மாட்டேங்குது’ என்று மெக்கானிக்கிடம் போகும் போட்டுகளில் சிலவற்றுக்கு நோய் இதுதான்.

எடுத்ததும் அப்படியே விட்டுவிடக்கூடாது, போட் கவிழ்ந்தால் மிதக்கவைப்பது அதுதான். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் பாலியூரித்தேன் நுரை நல்லது. கனமீட்டருக்கு 32 கிலோ அடர்த்தி உள்ள நுரையில் 200 லிட்டர் இருந்தால் 190 கிலோவுக்கு மேல் தாங்கும். அது கட்டுப்படியாகாவிட்டால், மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன்களை அடியில் நகராதபடி கட்டி வைக்கலாம், ஓட்டை விழுந்தால் ஒன்றைக் கழற்றி மாற்றலாம் என்பது கூடுதல் வசதி. டிவி பெட்டியில் வரும் வெள்ளைத் தெர்மோகோல் மட்டும் வேண்டாம். பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும், ரெசின் பட்டாலும் கரையும். எதைப் போட்டாலும் தண்ணீர் பின்னால் ஓடிவர அடியில் வழி விடுங்கள்.

அடியில் சிறு சிறு கொப்புளங்கள். பயப்படணுமா?

பத்துக் காசு அளவில் அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தால் பயப்படத் தேவையில்லை. உடைத்து, கழுவி, நன்றாகக் காயவைத்து, எபொக்சிப் பட்டியால் மூடுங்கள்.

ஆற்றில் மூழ்கிய என்ஜின் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

எப்போது மூழ்கியது, வெளியே எடுத்த அன்றைக்கே என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. எடுத்த சில மணி நேரத்துக்குள் நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு, அன்றே ஓடவிட்டிருந்தால் பிழைத்திருக்கும். ‘அப்படியே மூலையில் சாத்தி வச்சிருந்தோம்’ என்றால் பேரிங்கில் துரு பிடித்திருக்கும். உங்கள் என்ஜினே ஒருநாள் மூழ்கி, அன்று மெக்கானிக் கிடைக்கவில்லை என்றால், காற்றில் விடுவதைவிட ஒரு டிரம் நல்ல தண்ணீரில் முக்கியே வையுங்கள். காற்றும் ஈரமும் சேர்ந்துதான் துரு.

மூழ்காத பழைய என்ஜின் என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. கியர் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எந்த என்ஜினாக இருந்தாலும் தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லரையும் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) பெட்ரோல் குழாயையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன் என்பவரைத் தடுங்கள், சில நொடிகளிலேயே இம்பெல்லர் கருகத் தொடங்கும்.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

பழைய பின்பலகையில் மாட்டப் போகிறீர்கள் என்றால் எடையைப் பாருங்கள். 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் 40 கிலோவுக்குள் முடியும், ஃபோர் ஸ்ட்ரோக் 50-ஐத் தொடும். நம் பக்கம் டூ ஸ்ட்ரோக் யமாஹாவைப் பிரிக்கத் தெரிந்தவர் எந்தக் கம்பத்திலும் இருப்பார், அது ஒரு பெரிய சௌகரியம். பெட்ரோல் செலவும் புகையும் ஃபோர் ஸ்ட்ரோக்கில் குறைவு.

பழைய ஒயரிங்கை வைத்துக்கொள்ளலாமா?

ஒயரின் முனையை வெட்டித் தோலை உரித்துப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் முழுக்கப் பிடுங்குங்கள். புதிதாக வாங்கும்போது வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். தண்ணீர் இறைக்கும் பம்ப்பை மெயின் சுவிட்ச் வழியாக விடாமல் தனி ஃபியூஸோடு நேராகப் பேட்டரியில் கொடுங்கள், நீங்கள் வீட்டில் தூங்கும்போதும் அது வேலை செய்யவேண்டும்.

என்ஜினில் மாட்டும் துத்தநாகக் கட்டியை மாற்றணுமா?

பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். கடலுக்குத் துத்தநாகம், நல்ல தண்ணீருக்கு மெக்னீசியம். கிரியான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உப்பு ஏறி இறங்கும், அங்கே அலுமினியம் பொருந்தும். அதன்மேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள், பெயிண்ட் அடித்தால் அது கரையாது, பதிலுக்கு என்ஜின் கரையும்.

ஸ்க்ரூ, சீலன்ட்?

316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. படகுக்கான பாலியூரித்தேன் சீலன்ட். குளியலறை சிலிக்கோன் வேண்டாம், அதன் கறை இருக்கும் இடத்தில் பிறகு எதுவுமே ஒட்டாது.

பெயிண்ட் எப்போது?

கடைசியில், காசு மிச்சமிருந்தால். பலர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள், படம் எடுத்து அனுப்ப அழகாக இருக்கும் என்பதற்காக. ஒவ்வொரு முறை ஓடி முடிந்ததும் போட்டை மேலே ஏற்றி வைப்பவருக்கு அடியில் பாசி தடுக்கும் பெயிண்டும் தேவையில்லை.

முதல் தடவை தண்ணீரில் இறக்கும்போது?

தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து இறக்குங்கள், இறங்கும் நேரத்தில் இறக்கினால் சேற்றில் உட்கார்ந்துவிடும். கயிற்றில் கட்டியபடியே அரை மணி நேரம் விட்டு, அடித்துளை, போல்ட் ஓட்டைகள், மூலைகள் எல்லாவற்றையும் காய்ந்த டிஷ்யூ காகிதத்தால் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். ஈரம் வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டு, பின்னால் தண்ணீர்த் தாரை பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். பீய்ச்சவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அன்றைக்கு ஆள் ஏற்றாதீர்கள், ‘ஒரு ரவுண்டு மட்டும்’ என்று தம்பி மகன் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. நீங்கள் ஒருவரும் உதவிக்கு ஒருவரும், இருவருக்கும் லைஃப் ஜாக்கெட், ஒரு துடுப்பு, ஒரு வாளி. கரையை ஒட்டியே எதிர்நீரோட்டத்தில் போங்கள். என்ஜின் நின்றாலும் ஆறே உங்களைத் துறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.